பாதத்துக்கு இதமான களிமண்

லோதார் கிமிண்டர் வீட்டில் மனிதர்கள் இறைச்சி சாப்பிட்டு ஐந்து வருஷம் ஆகிறது. அவன் மனைவி குத்ரூன் ஏதோ படத்தில் ஒரு பன்றிக்குட்டியின் கண்களைப் பார்த்துவிட்டாள், அன்றோடு சரி. சனிக்கிழமை மதியம் ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸும் பருப்பும் தட்டுக்கு வரும். அதன் மேல் ஜோடியாகப் படுத்திருக்க வேண்டிய சாசேஜ் மட்டும் வராது. சாசேஜ் இல்லாத பருப்பு, தாலி கட்டாத கல்யாணம் மாதிரி என்று லோதார் நினைத்துக்கொள்வான். நினைப்பதோடு சரி, சொல்ல மாட்டான். ஸ்டுட்கார்ட் நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவன். எல்லைக் கல்லைத் தாண்டிப் பேசிப் பழக்கமில்லை.

அதே வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் மேல்தட்டில் மாட்டின் மூச்சுக்குழல்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் போலச் சுருட்டி வைத்திருக்கும். நடுத்தட்டில் நகம் வெட்டாத கோழிக்கால்கள். கீழே, முன்பு கீரையும் கேரட்டும் இருந்த பெட்டியில், கழுவாத மாட்டு இரைப்பை. லோதாரின் தயிர்க் கிண்ணம் கதவோரத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. வெண்ணெயில்கூட ரத்த வாடை.

அத்தனையும் வோட்டானுக்கு. வோட்டான் அவர்கள் வளர்த்த பாக்ஸர் நாய். ஒன்பது வயது, சப்பை மூக்கு, வாயோரத்தில் எந்நேரமும் தொங்கும் எச்சில். பழங்காலத்துப் பெருந்தெய்வத்தின் பெயரை வைத்துவிட்டார்களே தவிர, வாசல் மணி அடித்தால் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் பிராணி.

"ஏன் லோதார் மூக்கைப் பொத்துற? இயற்கைக்கு வாசனை இருக்கத்தான் செய்யும்" என்பாள் குத்ரூன், இரைப்பையைத் துண்டு போட்டுக்கொண்டே.

அந்த இரைப்பை பச்சை நிறத்தில் இருக்கும். மாடு கடைசியாகத் தின்ற புல் செரித்தும் செரிக்காமலும் அதன் மடிப்புகளில் ஒட்டிக் கிடக்கும். அதைக் கழுவக் கூடாது. சத்தே அதில்தானாம். மாட்டுத் தொழுவத்தில் எலி செத்து, அதை யாரும் தேடாமல் ஒரு வாரம் விட்டால் ஒரு நாற்றம் வருமே, அதன் மேல் கொஞ்சம் புளித்த பாலைத் தெளித்தது போல இருக்கும் அந்த வாடை. மிக்ஸியில் போட்டு ஓட்டினால் மூடி விளிம்பில் பச்சை நுரை கசியும். அதே மிக்ஸியில்தான் மறுநாள் லோதாருக்கு வாழைப்பழ மில்க் ஷேக். "கழுவிட்டேன்ல" என்பாள். கழுவியிருப்பாள்தான். ஆனாலும் வாழைப்பழத்துக்குப் பின்னால் மாடு வந்து நிற்கும்.

இந்த ஞானமெல்லாம் டாக்டர் ரீபெஷ் கொடுத்தது. டாக்டர் தஸ்ஸிலோ ரீபெஷ் ஊர் ஊராகப் போய் நாய்களின் 'ஆதி உணவு' பற்றி வகுப்பு எடுப்பவர். டாக்டர் பட்டம் உண்மைதான். பழைய தேவாலய மணிகளின் ஓசை பற்றி ஆராய்ச்சி செய்து வாங்கியது. அதை அவர் மறைக்கவில்லை, சொல்லவும் இல்லை. அவர் நடத்திய ஒரு வார இறுதி வகுப்புக்குப் போய் வந்த குத்ரூன், 'நாய் உணவு ஆலோசகர்' என்று சட்டம் போட்ட சான்றிதழோடு திரும்பினாள். அது வரவேற்பறையில், கல்யாணப் படம் இருந்த ஆணியில் தொங்கியது.

ஆதி உணவு ஆரம்பித்த இரண்டாம் மாதம் வோட்டானுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் சளி போல வந்தது. பிறகு ரத்தம். விலா எலும்பு எண்ணலாம் போலத் தெரிந்தது. மாடிப்படியில் பாதியிலேயே அடக்க முடியாமல் போய்விட்டு, ஏதோ கொலை செய்துவிட்டது போல லோதாரை நிமிர்ந்து பார்த்தது. லோதார் முட்டிபோட்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே அதைத் துடைத்தான்.

"இது நச்சு வெளியேறும் கட்டம். இத்தனை வருஷம் டப்பாவுல அடைச்ச விஷத்தைக் கொடுத்தோம்ல, உடம்பு அதைத் தூக்கி வெளியே எறியுது. டாக்டர் ரீபெஷ்கிட்ட போன்ல கேட்டுட்டேன். நல்ல அறிகுறியாம்" என்றாள் குத்ரூன்.

"ரத்தம் வருதே குத்ரூன்."

"விஷம் எந்த நிறத்துல வரும்னு நினைச்ச?"

மறுநாள் அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, லோதார் வோட்டானைக் கால்நடை மருத்துவர் ஆய்லா கராசுவிடம் கூட்டிப் போனான். வயிற்றுவலி யாருக்கு என்று அலுவலகம் கேட்கவில்லை. ஆய்லா நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்தார். குடலுக்குள் எலும்புச் சில்லு, கண்ணாடித் துண்டு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது.

"பச்சை இறைச்சியே எல்லா நாய்க்கும் ஆகாதுன்னு நான் சொல்லல. சரியா கணக்குப் பண்ணி, சுத்தமா கொடுத்து நல்லா வளர்க்கிறவங்களும் இருக்காங்க. உங்க வீட்ல கொடுக்கிறது கணக்கு இல்ல, கசாப்புக் கடைக் கழிவு. ஈரல் அளவுக்கு மேல, எலும்பு கண்டபடி. இந்த வயசுக் குடல் தாங்காது" என்றார்.

"அப்ப என்ன கொடுக்கிறது?"

"கொஞ்ச நாள் வேகவெச்ச கோழியும் சோறும். அப்புறம் முழுச்சத்து உலர் தீனி. சத்தெல்லாம் அளந்து போட்டது, மூட்டையில வரும். அழகா இருக்காது, பேர் வாங்காது. ஆனா நாய் பிழைச்சுக்கும். பழையபடி அந்த எலும்பையும் இரைப்பையையும் கொடுத்தீங்கன்னா, அடுத்த தடவை இவனை நீங்க திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீங்க."

அன்று முதல் லோதார் குத்ரூனிடம் பொய் சொல்ல ஆரம்பித்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் பொய், நாய்க்காக.

"இனிமே வோட்டானுக்கு நானே சாப்பாடு போடுறேன், நிலவறையில வெச்சு. உனக்கு ஆலோசனை வேலையே தலைக்கு மேல இருக்கே" என்றான். குத்ரூனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீயும் வழிக்கு வந்துட்ட" என்று அவன் கன்னத்தைத் தட்டினாள். தட்டிய கையில் ஈரல் வாடை.

மூட்டையை எங்கே ஒளிப்பது? அதற்கு வழிசெய்து வைத்திருந்தவளே குத்ரூன்தான்.

அவர்கள் குடியிருந்த மலைச்சரிவுத் தெருவில் ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடத்திலும் ஒரு மரப்பலகை உண்டு. 'பெருக்கும் வாரம்' என்று எழுதியிருக்கும். வாரம் ஒரு குடித்தனமாகக் கதவு மாறும். பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர்கள்தான் அந்த வாரம் மாடிப்படி துடைக்க வேண்டும், வாசல் பெருக்க வேண்டும். குளிர்காலத்தில் நடைபாதை உறைந்தால், ஆள் நடமாடும் முன் எழுந்து எதையாவது தூவ வேண்டும். யாராவது வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் பலகைக்காரர்தான் பொறுப்பு. கடவுளுக்குப் பயப்படாதவர்கள் அந்தத் தெருவில் நிறைய உண்டு. பலகைக்குப் பயப்படாதவர் ஒருவரும் இல்லை.

போன வருஷக் குடியிருப்போர் கூட்டத்தில் குத்ரூன் எழுந்து, தூவும் கருங்கல் பொடி நாய்களின் பாதத்தைக் கிழிக்கிறது என்று நெடுநேரம் பேசி, சுட்ட களிமண் உருண்டைகளை வாங்க வைத்தாள். பழுப்பு நிறம், சுண்டைக்காய் அளவு. வாளியின் மேலேயே 'பாதத்துக்கு இதமானது' என்று அச்சடித்திருந்தது. எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவான நிலவறையில் அப்படி இரண்டு வாளிகள். தீர்ந்துபோன ஒன்றை லோதார் கழுவித் துடைத்து, மூட்டையை அதில் கொட்டி, மூடியை அழுத்தி மூடினான். உலர் தீனியும் பழுப்பு, சுண்டைக்காய் அளவு. நாற்றத்தைப் பற்றிக் கவலையில்லை. பக்கத்திலேயே குத்ரூனின் இறைச்சி ஃப்ரீஸர் இருந்ததால், அந்த அறைக்குள் எவரும் மூக்கைத் திறந்துகொண்டு வருவதில்லை.

குத்ரூன் அரைத்துக் கொடுப்பதை லோதார் செய்தித்தாளில் சுற்றுவான். சூடு ஆறாத ஏதோ ஓர் உயிரைப் புதைக்கப் போவது போலக் கையில் அது நெளியும். தாளைத் தாண்டி விரலுக்கு ஈரம் வரும். அதைக் குப்பைத்தொட்டியின் அடியாழத்தில் திணித்துவிட்டு, அலுவலகத்தில் நாள் முழுக்க விரலை மோந்துகொண்டே இருப்பான்.

குளிர்காலம் பாதி போவதற்குள் வோட்டான் தேறிவிட்டது. விலா மறைந்தது, ரோமம் மெழுகு தேய்த்த செருப்பு மாதிரி பளபளத்தது. கழிவு கெட்டியாக வந்தபோது லோதாருக்குக் கோயிலில் மணி அடித்தது போல இருந்தது. குத்ரூனுக்கும்தான். அவள் அதைப் படம் எடுத்து டாக்டர் ரீபெஷுக்கு அனுப்பினாள். வோட்டானின் படமும் கூடப் போயிற்று.

அங்கேதான் வினை வந்தது. டாக்டர் ரீபெஷ் நேரிலேயே வருவதாகப் பதில் போட்டார். பிப்ரவரியில், அவர்கள் வீட்டிலேயே ஒரு சனிக்கிழமை வகுப்பு. வகுப்பு முடிந்ததும் வோட்டானைத் தன் பண்ணைக்குக் கூட்டிப் போவாராம், ஈஸ்டர் வரைக்கும். அங்கே அடுத்த கட்டம்: முழுப் பன்றித் தலை, முழு ஆட்டுக் கால், எலும்போடு, ரோமத்தோடு.

"நம்ம வோட்டான்தான் அவரோட புதுப் புத்தகத்துக்கு அட்டைப்படம்!" என்று குதித்தாள் குத்ரூன்.

லோதாருக்கு ஆய்லா சொன்னது காதில் ஓடியது. திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீங்க. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயைத் திறந்தான். தினமும் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "உப்பு எடு" என்று முடித்தான்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. விடியற்காலையில் பெய்த மழை தரையில் விழுந்ததுமே உறைந்து, தெரு முழுக்கக் கண்ணாடி பதித்தது போல ஆகிவிட்டது. பலகை அந்த வாரம் இரண்டாம் மாடி க்னாப் வீட்டில். க்னாப் ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர். ஒரு நிமிஷம் தாமதமானாலும் அதைக் குடும்ப அவமானமாக எடுத்துக்கொள்பவர். அவர் இருட்டோடு எழுந்து நிலவறைக்குப் போய்விட்டு வந்ததை லோதார் அறியவில்லை. அவன் சமையலறையில், வகுப்புக்காக இரைப்பையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

மேஜையில் அதைவிட மோசமான ஒன்று காத்திருந்தது. வகுப்புக்கு வருகிறவர்கள் தங்கள் நாயின் கழிவைக் கொண்டுவர வேண்டும் என்பது டாக்டர் ரீபெஷின் விதி. நிறத்தையும் மணத்தையும் வைத்துப் பாடம் நடத்துவார். இரண்டு பெண்கள் முதல் நாளே வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜாம் பாட்டில்களில். மூடியில் கட்டம் போட்ட துணி, ரிப்பன் முடிச்சு. ஒன்றின் மேல் 'ஸ்ட்ராபெரி, வீட்டுத் தயாரிப்பு' என்ற பழைய சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. பக்கத்தில் குத்ரூன் சுட்டு வைத்த ஆப்பிள் கேக்.

வெளியே நாய்கள் குரைத்தன. லோதார் ஜன்னலைத் திறந்தான். சரிவில் பெண்கள் ஏழெட்டுப் பேர் நாய்களோடு ஏறி வந்தார்கள். முன்னால் டாக்டர் ரீபெஷ். அவர் பிடித்திருந்த கயிற்றில் ஆஸ்கார். ஓநாய் ரத்தம் ஓடுகிற நாய் என்று அவர் எல்லா ஊரிலும் சொல்லும் நாய், கன்றுக்குட்டி உயரம். நடைபாதை முழுக்கப் பழுப்பு உருண்டைகள் அடர்த்தியாகத் தூவியிருந்தன. க்னாப் வாசலில் விளக்குமாற்றோடு, தேர்வு எழுதி முடித்த மாணவன் போல நின்றார். காலடியில் இரண்டாவது வாளி.

அது லோதார் தீனியை ஒளித்து வைத்த வாளி.

முதலில் தலையைத் தாழ்த்தியது ஆஸ்கார். ஓர் உருண்டையை மோந்தது. அவ்வளவுதான். ஓநாய் ரத்தம் எங்கே போயிற்றோ, வயிற்றைத் தரையில் பரத்திப் படுத்துக்கொண்டு, நாக்கைத் துடைப்பம் மாதிரி வீசி வாரி வாரித் தின்றது. மற்ற நாய்களும் கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பது போல விழுந்தன. பெண்கள் கயிற்றை இழுத்தார்கள். நாய்கள் அவர்களை இழுத்தன.

"ஏம்மா, உங்க நாய்ங்க என் நடைபாதையைத் திங்குது!" என்று கத்தினார் க்னாப். "யாராவது விழுந்தா நான்ல பதில் சொல்லணும்!"

லோதார் படியிறங்கி ஓடினான். வோட்டானும் பின்னாலேயே வந்து, தன் சொந்தச் சாப்பாடு தெருவில் கொட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் ஓரமாகத் தின்ன ஆரம்பித்தது. கீழே குத்ரூன் ஏற்கெனவே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க டாக்டர், அது வெறும் களிமண். சுட்ட களிமண். நான்தான் வாங்க வெச்சேன், பாதத்துக்கு இதமா இருக்கும்னு."

டாக்டர் ரீபெஷ் ஒரு கணம்தான் திகைத்தார். பிறகு அவர் முகத்தில் ஞானம் உதித்தது.

"களிமண்!" என்று கையை உயர்த்தினார். "பாத்தீங்களா? காட்டு விலங்கு எல்லாம் மண் திங்கும். தாது உப்புக்காக. யாரும் சொல்லிக் கொடுக்கல. பத்தாயிரம் வருஷ ஞாபகம், இந்த நாக்குல இருக்கு! இதே இடத்துல தொழிற்சாலைத் தீனியைக் கொட்டியிருந்தா என் ஆஸ்கார் மோந்துகூடப் பார்த்திருக்க மாட்டான்."

பெண்கள் போனில் படம் எடுத்தார்கள். ஒருத்தி "எனக்கு மயிர்க்கூச்செறியுது" என்றாள்.

டாக்டர் ரீபெஷ் குனிந்து, ஆஸ்காரின் எச்சில் படாததாகத் தேடி ஓர் உருண்டையை எடுத்தார். ஊதினார். வாயில் போட்டார். கடக்கென்று சத்தம் கேட்டது. கண்ணை மூடி, மென்று, விழுங்கினார்.

"மண்ணோட ருசி. கொஞ்சம் உப்பு. அடியில இரும்பு. ரொம்பப் பழமையான ருசி. எடுத்துப் பாருங்க, தயங்காதீங்க."

எடுத்துப் பார்த்தார்கள். நடைபாதையில் நின்று, கம்பளிக் கையுறையைக் கழற்றி, நேற்றுவரை எத்தனை நாய்கள் காலைத் தூக்கிய இடமோ, அங்கிருந்து பொறுக்கி மென்றார்கள். கடக் கடக் என்று தெரு முழுக்க ஓசை. "கொட்டை மாதிரி இருக்கு." "இல்ல, காளான் மாதிரி." "உள்ளுக்குள்ள ஏதோ இறங்குது." லோதாருக்குச் சமையலறை ஜாம் பாட்டில்கள் வேறு ஞாபகத்துக்கு வந்தன.

டாக்டர் ரீபெஷ் வோட்டானின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். "இவன்தானே நம்ம அட்டைப்படம்? என்னா ஆர்வம் பாருங்க. இவனை இப்பவே வண்டியில ஏத்திடலாம். பண்ணையில பன்றித் தலை காத்துக்கிட்டிருக்கு."

வோட்டான் வாயில் தீனியோடு லோதாரைப் பார்த்தது. குத்ரூன் பூரிப்போடு ஓர் உருண்டையை உதட்டருகே கொண்டு போனாள்.

"குத்ரூன், அதை வாயில போடாத" என்றான் லோதார். "அது கோழி."

"என்ன கோழி?"

"கோழியும் அரிசியும். நாய்த் தீனி, மூட்டையில வர்றது. நான்தான் அந்த வாளியில ஒளிச்சு வெச்சேன். வோட்டான் நவம்பர்ல இருந்து இதைத்தான் திங்கிறான். உன் இரைப்பையைத் தின்னு ரத்தமாப் போனான் குத்ரூன், குடல்ல எலும்பு. டாக்டரம்மா சொன்னாங்க, இன்னொரு தடவை கொடுத்தா செத்துருவான்னு." பிறகு ரீபெஷ் பக்கம் திரும்பினான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "கழுத்துலருந்து கையை எடுங்க. நாய் எங்கேயும் வராது."

மெல்லும் ஓசை ஒவ்வொரு வாயாக நின்றது. ஒருத்தி கைக்குட்டையைத் தேடினாள். காளான் ருசி கண்டவள் சுவரோரம் போய்த் துப்பினாள். துப்பியதை ஒரு குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்ட் நாய் உடனே சுத்தம் செய்தது.

"கோழியோ களிமண்ணோ," என்றார் க்னாப், வாளியை எட்டிப் பார்த்துக்கொண்டே, "பிடிமானம் நல்லாத்தான் இருக்கு. போன வருஷத்ததைவிடத் தேவலை."

டாக்டர் ரீபெஷ் தொண்டையைச் செருமினார். "உணவுத் தொழிற்சாலைகள் எவ்வளவு தந்திரமா வேலை செய்றாங்கங்கிறதுக்கு இதைவிட என்ன சான்று வேணும்? ஓநாயோட ஞாபகத்தையே ஏமாத்திட்டாங்க" என்றபடி ஆஸ்காரை இழுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, வண்டியை நோக்கி நடந்தார். நாலடி போனார். ஆஸ்கார் நக்கிச் சுத்தம் செய்த இடத்தில் வெறும் பனிக்கட்டி மின்னியது. இரண்டு காலும் ஒன்றாக மேலே போயின. டாக்டர் ரீபெஷ் கீழே வந்தார்.

"நான் தூவியிருந்தேன்! எல்லாரும் சாட்சி!" என்று அலறினார் க்னாப். "அந்த இடத்தை நக்கினது உங்க ஓநாய்தான், டாக்டர் ஐயா!"

மதியம் வீடு காலியாக இருந்தது. ஜாம் பாட்டில்களைச் சொந்தக்காரர்கள் எடுத்துப் போக மறந்துவிட்டார்கள். லோதார் அவற்றை இடுக்கியால் பிடித்து வெளியேற்றினான். ஆப்பிள் கேக்கை யாரும் தொடவில்லை, அவனும்தான்.

குத்ரூன் வாசலிலிருந்து வாளியைச் சமையலறைக்கே தூக்கி வந்தாள். அடியில் மீந்திருந்ததில் ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தாள். மறுபடி மோந்தாள்.

"நாத்தமே இல்லையே" என்றாள், ஏமாற்றத்தோடு. "இதுல எப்படிச் சத்து இருக்கும்?"

லோதார் வோட்டானைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். நாய் அடுப்போரம் பளபளவென்று படுத்துக்கொண்டு, குறட்டை விட்டது. அவள் மெதுவாகக் குனிந்து அதன் விலாவைத் தடவினாள். எலும்பு கையில் தட்டுப்படவில்லை.

"நவம்பர்ல இருந்தா?"

"நவம்பர்ல இருந்து."

"நான் ஊரெல்லாம் இவன் படத்தைக் காட்டினேனே லோதார்."

"தெரியும்."

குத்ரூன் எழுந்து, கிண்ணத்தில் ஒரு பிடி தீனியைப் போட்டுத் தரையில் வைத்தாள். தட்டில் சில்லறை விழுந்தது போல ஓசை கேட்க, வோட்டான் உறக்கம் கலைந்து ஓடி வந்தது. அவள் அதைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் ஒரு பார்வை பார்த்தாள்.

"இவ்வளவும் வீணாப் போகுமே. மாட்டு இதயம் நல்லா இருக்கு, நேத்துதான் வாங்கினது. உனக்கு வெங்காயம் போட்டு வறுத்துத் தரட்டுமா? இன்னிக்கு ஒரு நாளைக்கு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

ஐந்து வருஷமாக அவன் காத்திருந்த வார்த்தை. லோதார் எழுந்து போய் அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். இதயம் தட்டில் கருஞ்சிவப்பாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மூச்சுக்குழல். அடியில் பச்சை நுரை. வாயில் எச்சில் ஊறியது, ஆனால் அது பசியில் ஊறுகிற எச்சில் இல்லை.

"பருப்பு போதும்" என்றான், மூக்கைப் பொத்திக்கொண்டு.